பட்டறை வாசல் – 9: காந்தம் ஒட்டாத கதவு

சென்ற வாரம் அம்பாசடரோடு நிறுத்தியிருந்தேன். அதே உத்தர்பாரா தொழிற்சாலையில் பிறந்த இன்னொரு வண்டி இந்த வாரம்.

அரியாங்குப்பத்தில் ஒரு டிங்கரிங் பட்டறை. வேப்பமரத்தடியில் கான்டெஸா ஒன்று, சக்கரங்கள் கழற்றப்பட்டு, மரக்கட்டைகள்மேல் நிற்கிறது. மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக் கதவின்மேல் மெல்ல இழுத்துக்கொண்டே வந்தார். கைப்பிடிக்குப் பக்கத்தில் கெட்டியாகப் பிடித்தது. அடிவிளிம்புக்கு வந்ததும் நழுவிக் கீழே விழுந்தது. "பாத்தீங்களா சார், இங்க தகடே இல்ல. எல்லாம் பட்டி." துருவை வெட்டி எடுக்காமல், அதன்மேலேயே யாரோ பட்டி அப்பிப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கடற்காற்றும் ஆற்று ஈரமும் சேர்ந்த ஊரில் துரு உள்ளுக்குள்ளேயே தின்றுகொண்டிருக்கும்.

இந்த வண்டியின் முகத்தை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். நீண்ட போனட், நான்கு விளக்கு, தாழ்ந்த உடம்பு. 'இந்தியாவின் மசில் கார்' என்று ரசிகர்கள் சொல்வதில் ஒரு ரத்த உறவு இருக்கிறது. நடுத்தர அளவு காருக்குள் பெரிய காரின் இஞ்சினை வைத்து, இளைஞர்கள் எட்டிப்பிடிக்கும் விலையில் விற்பதுதான் அமெரிக்க மசில் கார். ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு 1964-ல் கொண்டுவந்த ஜிடிஓ-வில் 6.4 லிட்டர், எட்டு சிலிண்டர், 325 குதிரைசக்தி. புகைக் கட்டுப்பாடும் இன்ஷூரன்ஸ் கட்டணமும் நெருக்க, 1973 எண்ணெய் நெருக்கடியோடு அந்தக் காலம் முடிந்தது.

இங்கிலாந்தின் வாக்ஸால் நிறுவனமும் 1925 முதல் ஜெனரல் மோட்டார்ஸின் கையில்தான் இருந்தது. 1972-ல் வந்த வாக்ஸால் விக்டரின் உடம்பில் அமெரிக்க வளைவுகள் தெரிவது அதனால்தான். இங்கிலாந்தில் அந்த மாடல் நின்ற பிறகு, அதன் அச்சுகளை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கி வங்காளத்துக்குக் கொண்டுவந்தது. 1984-ல் கான்டெஸா வந்தது. ஜிடிஓ-வுக்கு இது பங்காளி முறை.

ஆனால் உள்ளே வைத்தது அம்பாசடரின் 1,489 சிசி இஞ்சின், சுமார் 50 குதிரைசக்தி. அமெரிக்கர்கள் செய்ததற்கு நேர் தலைகீழ். 80களின் பிற்பகுதியில் 1.8 லிட்டர் இசுஸு இஞ்சினும் ஐந்து கியரும் வந்தபோதுதான் உடம்புக்கேற்ற ஓட்டம் கிடைத்தது. அதன் பிறகு அது அதிகாரத்தின் வண்டி. ஜெயலலிதா 2016 தேர்தலில் தந்த சொத்துப் பட்டியலில்கூட 1990 மாடல் கான்டெஸா ஒன்று இருந்தது. எஸ்டீமும் சீலோவும் வந்ததும் மவுசு குறைந்தது. 2002-ல் உற்பத்தி நின்றது.

அமெரிக்காவில் பழைய முகங்களை நிறுவனங்களே திரும்பக் கொண்டுவந்தன. 2005 மாடல் மஸ்டாங் 60களின் சாயலோடு வந்தது. 2008-ல் டாட்ஜ் சேலஞ்சர், அடுத்த ஆண்டு கமாரோ. முகம் பழசு, மற்றதெல்லாம் புதுசு. கான்டெஸாவை அப்படி மீட்க எந்தத் தொழிற்சாலையும் முன்வரவில்லை. 2022-ல் அந்தப் பெயரின் உரிமை மட்டும் வேறு நிறுவனத்துக்குக் கைமாறியது. இன்று சாலையில் ஒரு கான்டெஸா ஓடுகிறதென்றால், அதை ஓடவைத்தது ஏதோ ஒரு பட்டறையின் கைதான்.

அந்தக் கை என்ன செய்கிறது என்று அரைநாள் உட்கார்ந்து பார்த்தேன். துருப்பிடித்த பகுதியை, நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்தார். பழைய தகட்டின் கனத்திலேயே புதுத் தகடு வெட்டி, பின்னால் இரும்புக்கட்டை கொடுத்து முன்னால் சுத்தியால் தட்டித் தட்டி வளைவு ஏற்றினார். கண்ணால் பார்க்கவில்லை, உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறார். மேடு பள்ளம் கைக்குத்தான் தெரியுமாம். புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தார், ஒரேயடியாகச் சூடு கொடுத்தால் தகடு கோணிக்கொள்ளும். அதற்குப் பிறகு பிரைமர், மெல்லிசாகப் பட்டி, தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பர் தேய்ப்பு. ஒரு கதவுக்கே நாள்கணக்கில் ஆகிறது. அரிக்கமேட்டில் கல்லிலும் கண்ணாடியிலும் மணி செய்து கடல் கடந்து அனுப்பிய கைவினைஞர்கள் வாழ்ந்ததும் இந்த ஊரில்தான். அந்த நினைப்போடுதான் நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு பாடுபட்டும் சட்டத்தின் கண்ணில் இது வெறும் பழைய வண்டி. 2021-ல் வந்த மத்திய விதிப்படி 50 வயது நிறைந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத காருக்குத்தான் 'விண்டேஜ்' பதிவு. எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். 1984-ல் வந்த முதல் கான்டெஸாவே 2034 வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க அலைய வேண்டியதுதான். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 30 வயதையே எல்லையாக வைத்திருக்கிறது. நம் அரசும் 30 வயது வண்டிகளுக்குத் தனிப் பிரிவு ஒன்று தர வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். 50 வயது வரும்வரை வண்டி தாங்கலாம். உள்ளங்கையால் வளைவு பார்க்கும் மேஸ்திரிகளுக்கு அதுவரை வேலை இருக்க வேண்டுமே.

மாலையில் கதவைப் பொருத்தி மூடிப் பார்த்தார். சத்தம் அவருக்குத் திருப்தி இல்லை. கழற்றி, கீலை இன்னொருமுறை சரிசெய்தார். பின்விளக்குக் கண்ணாடி ஒன்று மட்டும் புதுச்சேரி முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. அதற்காக அடுத்த வாரம் அவரோடு சென்னை புதுப்பேட்டைக்குப் போகிறேன்.

(தொடரும்)