"தாது வருசத்துல காரா ஓடுச்சு?"

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களிடம் பருவம் தப்புவதைப் பற்றிப் பேச்செடுத்தால், யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பார்: "தாது வருசப் பஞ்சத்துல காரா ஓடுச்சு, மில்லா புகைஞ்சுச்சு? அப்பவும் மழை பொய்க்கத்தானே செஞ்சுச்சு?"

நியாயமான கேள்விதான். நாடாளுகிற பெரிய மனிதர்கள் சிலரும் இதையே கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு கேட்கிறார்கள். அதனால் தாது வருசத்திலிருந்தே தொடங்குவோம்.

1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்துக்கு மழை பொய்த்தது ஒரு காரணம். பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ அப்போது மிகக் கடுமையாக இருந்தது. அது இயற்கையின் ஏற்ற இறக்கம். எந்த விஞ்ஞானியும் அதை மறுப்பதில்லை. ஆனால் அப்போது வெள்ளைக்கார அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? வில்லியம் ஹண்டர் என்ற அதிகாரி 1877-இல், சூரியனில் கரும்புள்ளி குறையும் ஆண்டுகளில்தான் சென்னை மாகாணத்தில் மழை குறைகிறது என்று எழுதினார். அதே காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. குற்றம் சூரியன் மேல் என்றாகிவிட்டால், ஏற்றுமதியான மூட்டைகளுக்கு யார் பதில் சொல்ல வேண்டும்?

இன்றைக்கும் கதை அப்படித்தான் ஓடுகிறது. புவி சூடாவது சீனர்கள் கட்டிவிட்ட கதை என்று 2012-இல் எழுதினார் அமெரிக்காவின் டொனால்ட் ட்ரம்ப். 2025 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் நின்று, உலகத்தின் மிகப் பெரிய மோசடி இதுதான் என்றார். அவருக்கு முன்னால், ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற செனட்டர் 2015 பிப்ரவரியில் ஒரு பனிக்கட்டி உருண்டையைச் சபைக்குள் கொண்டுவந்து, "வெளியே இவ்வளவு குளிருது, எங்கய்யா சூடு?" என்கிற தோரணையில் வீசினார். இதுவரை மனிதர்கள் காற்றில் விட்ட கரியமில வாயுவில் ஏறக்குறைய கால்வாசி அமெரிக்காவுடையது. "நான் காரணமில்லை" என்று அவர்கள் சொல்வது எதற்காக என்று நமக்குப் புரியும். வரப்பை வெட்டியவன் ஒத்துக்கொண்டால் தண்டம் கட்ட வேண்டுமே.

நம் ஊரில் மறுப்பு இவ்வளவு முரட்டுத்தனமாக வருவதில்லை. 2014 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று அசாம் மாணவர் ஒருவர் காலநிலை மாற்றம் பற்றிக் கேட்டபோது, பிரதமர் மோடி சொன்ன பதிலின் சாரம் இதுதான்: காலநிலை மாறவில்லை, நாம்தான் மாறிவிட்டோம், வயதானவர்கள் இந்த வருசம் குளிர் அதிகம் என்பார்கள், உண்மையில் அவர்கள் உடம்பு குளிர் தாங்குவதுதான் குறைந்திருக்கிறது. இத்தனைக்கும் குஜராத் முதல்வராக இருந்தபோது காலநிலை மாற்றம் பற்றி அவர் பேரிலேயே ஒரு புத்தகம் வந்திருக்கிறது. பிறகு 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில், 2070-க்குள் கரிம உமிழ்வை நிகர பூஜ்யமாக்குவோம் என்று வாக்குக் கொடுத்தவரும் அவர்தான். ஆனாலும் அந்தப் பதில் மேடைகளில் இன்னும் உலாவுகிறது. பழக்கத்தை மாத்துங்க, எல்லாம் சரியாயிடும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிலக்கரி கேட்டால்தான் கணக்கு இடிக்கும்.

பெரியவர்களின் உடம்பு ஏமாற்றலாம், வெப்பமானி ஏமாற்றாது. ஒன்றிய அரசின் புவி அறிவியல் அமைச்சகமே 2020-இல் வெளியிட்ட அறிக்கை, 1901-க்கும் 2018-க்கும் இடையில் இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கிறது என்றும், பெரும்பாலும் பசுங்குடில் வாயுக்களே அதற்குக் காரணம் என்றும் சொல்கிறது.

சரி, அது மனிதன் கைவேலை என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சூரியன்தான் காரணம் என்றால் பகல் அதிகமாகச் சூடாக வேண்டும், வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். நடப்பது தலைகீழ். மேலடுக்கு குளிர்கிறது, கீழே சூடு ஏறுகிறது. உலக அளவில் பார்த்தால் பகலைவிட இரவுகள் வேகமாகச் சூடேறியிருக்கின்றன. பகலில் மண் வாங்கிய சூடு இரவில் மேலே போய்விட வேண்டும். போகவிடாமல் மேலே போர்வை கனத்திருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கூடுதல் கரி எங்கிருந்து வந்தது என்பதற்கும் அடையாளம் உண்டு. பழைய நிலக்கரியிலும் எண்ணெயிலும் கதிரியக்கக் கரி இருக்காது, எப்போதோ சிதைந்து போயிருக்கும். காற்றில் அந்தக் கரியின் விகிதம் குறைந்துகொண்டே வந்ததை அளந்திருக்கிறார்கள்.

இரவுச் சூடு நமக்கு வெறும் சாட்சி மட்டுமில்லை, நட்டமும்கூட. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் வயல்களில் அளந்து 2004-இல் சொன்னது: கோடைப் போகத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நெல் விளைச்சல் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. பகலில் பயிர் சம்பாதித்ததை ராத்திரி மூச்சு விட்டே செலவழித்துவிடுகிறது. மாமரத்துக்கோ மார்கழி, தை மாதத்துக் குளிர் இரவுதான் பூக்கச் சொல்லும் தாக்கல். அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் பூவுக்குப் பதில் கொழுந்து தள்ளும்.

இதில் மறுப்பு நம் மடியில் கை வைக்கிற இடம் ஒன்று இருக்கிறது. 2021 முதல் 2026 வரைக்கான மத்தியப் பேரிடர் நிவாரணப் பட்டியலில் குளிர் அலை இருந்தது, உறைபனி இருந்தது, ஆலங்கட்டி மழை இருந்தது. வெப்ப அலை இருக்கவில்லை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அதை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல காரியம். ஆனால் அது முக்கியமாக மனித உயிருக்கானது. வெயிலில் பிஞ்சு உதிர்ந்த தோப்புக்கு அதில் வழியில்லை. பட்டியலுக்குள் வந்த வெள்ளத்துக்குமே 33 சதவீதமாவது பயிர் போயிருக்க வேண்டியிருந்தது. அந்தப் பட்டியல்படி பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு ஏழாயிரம்கூட வரவில்லை. நடவுக் கூலிக்கும் உழவுக்குமே சரியாப் போச்சு.

இன்னொரு வகை மறுப்பும் பெருகி வருகிறது. அது ஒத்துக்கொள்வது போலவே இருக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும்; அதனால் இப்படிப்பட்ட பேய்மழைக்கு வாய்ப்பு கூடுகிறது, உண்மைதான். ஆனால் அதையே சாக்காக வைத்து, கரை உடைந்த கண்மாய்க்கும் ஆக்கிரமித்த ஓடைக்கும் "காலநிலை மாற்றம், நாங்க என்னங்க செய்ய முடியும்?" என்று கையை விரிக்கிறார்கள். காற்றில் கரி கூடியதும் மனிதன் கை, வரத்துக்கால் அடைபட்டதும் மனிதன் கை. இரண்டாவதைச் செய்தவர் பெயரும் சர்வே எண்ணும் நம்ம ஊர் வட்டாட்சியர் அலுவலகத்திலேயே இருக்கும்.

வருசத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 கூட்டம் மழைக்கு வெகு முன்னாலேயே வருவதால், வரத்துக்கால் பற்றித் தீர்மானம் போட அதுதான் தோதான நாள். வண்டல் எடுக்கவும் இப்போது வட்டாட்சியரே அனுமதி தரலாம். போகும்போது கையில் ஒரு நோட்டும் இருக்கட்டும். அதிக வெப்பம், குறைந்த வெப்பம் இரண்டையும் காட்டும் வெப்பமானி ஒன்று வாங்கித் தோப்பு நிழலில் மாட்டுங்கள். தினம் காலையில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள். பூ எடுத்த தேதி, பிஞ்சு உதிர்ந்த தேதியைப் பக்கத்திலேயே குறியுங்கள். வெப்ப நட்டத்துக்கு நிவாரணம் கேட்டு மனுக் கொடுக்கும்போது, அந்தத் தேதிகள் கையில் இருக்க வேண்டும்.