முருகன் ஏன் கேள்விக்குறி ஆனார்?

பிழைப்புக்காக மும்பையில் வந்து தங்கிய ஒருவர், இணையத்தில் ஒரு விண்ணப்பத்தை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயருக்குரிய கட்டத்தில் ‘முருகன்’ என்று தமிழில் அடிக்கிறார். திரையில் ஒழுங்காகத்தான் தெரிகிறது. அனுப்பிவிட்டு ரசீதைப் பார்த்தால் முருகனைக் காணோம். ஏழு கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கின்றன! ‘பெயர் பொருந்தவில்லை’ என்று விண்ணப்பம் திரும்பினால் அலைச்சல் யாருக்கு?

நான்கு எழுத்து, ஏழு குறி

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளுக்கெல்லாம் எண் வழங்கும் யூனிகோட் திட்டத்தில், 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இணையத்தில் அந்த எண்களை அனுப்பும் முறை யூடிஎஃப்-8. ‘முருகன்’ நமக்கு நான்கு எழுத்து. கம்ப்யூட்டருக்கோ ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி என ஏழு. குறிக்கு மூன்று பைட்டுகள் வீதம் மொத்தம் 21.

தவறு எங்கே?

பிரௌசர், சர்வர், அதில் ஓடும் புரோகிராம், தரவுத்தளம் என நான்கு கைகள் மாறுகிறது பெயர். ஒரு கை மட்டும், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 முறையில் இருந்தாலும் போதும், கெட்டது காரியம். மைசீக்வெல் தரவுத்தளம் 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான் லத்தீன்-1-ஐ இயல்பு நிலையிலிருந்து நீக்கியது. அதற்கு முன் அமைத்தவை பல இடங்களில் அப்படியே இருக்கக்கூடும்.

நோய் இரண்டு வகை. தலையில் கீற்றுள்ள ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ருமாக மாறி மாறி வந்தால், பைட்டுகள் பெரும்பாலும் பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் முறைதான் தவறு. திருத்திவிடலாம். கேள்விக்குறி வந்தால் நிலைமை வேறு. தமிழுக்கு இடமில்லாத பட்டியலுக்கு மாற்றும்போது, ஒவ்வொரு குறிக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறி விழுகிறது.

உடனே கைவிட வேண்டியதில்லை. தரவுத்தளத்தில் சேர்ந்திருக்கும் எண்களை முதலில் பார்க்க வேண்டும். 224 என்று தொடங்கினால் பெயர் பிழைத்தது. ஏழு இடத்திலும் 63 இருந்தால், அது கேள்விக்குறியின் எண். பெயர் போனது போனதுதான். மீண்டும் அடிப்பதைத் தவிர வழியில்லை.

செய்ய வேண்டியது

நான்கு இடத்திலும் யூடிஎஃப்-8 என அறிவிக்க வேண்டும். மைசீக்வெல்லில் அதன் முழுப் பெயர் ‘யூடிஎஃப்8எம்பி4’. பழைய பதிவுகளை நகல் எடுக்காமல் எதையும் மாற்றக்கூடாது. புதிய படிவத்தைத் திறக்குமுன் ஒரு தமிழ்ப் பெயரை அனுப்பி, திரும்பி வருகிறதா என்று பார்ப்பது நல்லது.

விண்ணப்பிப்பவரும் ரசீதில் தம் பெயரைப் படித்துப் பார்த்த பிறகே திரையை மூட வேண்டும். கேள்விக்குறி தென்பட்டால் அன்றே தெரிவித்துவிட்டால், இழந்த பெயரை அன்றே மீண்டும் எழுதிக்கொள்ளலாம்.