ரொட்டிப் பூஞ்சை: ரைசோபஸ் ஸ்டோலோனிஃபர்

ஈரமான ரொட்டியில் முதலில் வெண்மையாகப் படர்வது இந்தப் பூஞ்சையின் இழைகள். இவற்றுக்கு வாய் இல்லை, பச்சையமும் இல்லை. வேர் போன்ற நுண்ணிழைகளை ரொட்டிக்குள் இறக்கி, நொதிகளைச் சுரந்து, மாவுச்சத்தை உடலுக்கு வெளியிலேயே செரிக்கின்றன. கரைந்த சர்க்கரையை உறிஞ்சிக்கொள்கின்றன.

தனித்துப் பெருகுதல்
நிமிர்ந்த காம்புகளின் நுனியில் தெரியும் கரும்புள்ளி ஒவ்வொன்றும் ஒரு ஸ்போர்ப்பை. முதிர்ந்ததும் அதன் மெல்லிய உறை சிதைய, ஏராளமான ஸ்போர்கள் (நுண்வித்துகள்) காற்றில் பரவுகின்றன. ஈரமும் உணவும் கிடைத்த இடத்தில் முளைக்கின்றன.

இணைந்து பெருகுதல்
இதில் ஆண், பெண் இல்லை. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் ‘கூட்டல்’, ‘கழித்தல்’ என்னும் இரு வகைகள் உண்டு. இத்தகைய பூஞ்சைகளில் இவ்வேறுபாட்டை அமெரிக்கத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ 1904-இல் வெளியிட்டார். இரு வகை இழைகளும் சந்தித்தால் அவற்றின் நுனிகள் கலந்து, தடித்த கரிய சுவருடைய சைகோஸ்போர் உருவாகும். அது வறட்சியைத் தாங்கிக் காத்திருந்து முளைக்கும். இரு வகைகளின் மரபுப் பண்புகளும் கலந்த புதிய தலைமுறை பிறக்கும்.

வீட்டில் கவனிக்க
ரொட்டியின் ஓரத்தில் மட்டும் பூஞ்சை தெரிந்தாலும் முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே வெகுதூரம் ஊடுருவியிருக்கும்.