கொல்லைப்புறத்தில் ஓர் அணு உலை!

"பையன் ஏதோ சயின்ஸ் புராஜெக்ட் பண்றான்... அவனைத் தொந்தரவு பண்ணாதீங்க!" - வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லும் பெற்றோரா நீங்கள்? சந்தோஷம்! ஆனால், அது என்ன புராஜெக்ட் என்று ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தீர்களா?

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிஜக் கதை இருக்கிறது.

மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்தவன் டேவிட் ஹான். பத்து வயதில் கைக்கு வந்த ஒரு வேதியியல் புத்தகம் அவனை அப்படியே பிடித்துக்கொண்டது. 1991-ல், 14 வயதிலேயே, சாரணர் இயக்கத்தில் அணுசக்திக்கான பேட்ஜ் வாங்கிவிட்டான். அப்பாவும் அம்மாவும் பிரிந்து வாழ்ந்தார்கள். அப்பா வீட்டில் சோதனை செய்யும்போது வெடிச்சத்தம் கேட்கவே, ஜாகையை அம்மா வீட்டுத் தோட்டத்துக் கொட்டகைக்கு மாற்றினான்.

அங்கே அவன் கட்ட நினைத்தது... அணு உலை!

இயற்பியல் வாத்தியார் என்று சொல்லிக்கொண்டு அரசு அலுவலகத்துக்குக் கடிதம் போட்டான். பதிலும் வந்தது! புகை வந்தால் அலறும் கருவியில் இருக்கும் அமெரிசியம், விளக்கு மேன்ட்டிலில் இருக்கும் தோரியம், பழைய கடிகார முள்ளில் பூசிய ரேடியம் என்று சேர்த்துக்கொண்டே போனான். உலை உருவாகவில்லை. ஆனால், கதிர்வீச்சு மட்டும் ஏறிக்கொண்டே போனது. சில வீடுகள் தள்ளி நின்றாலும் கருவி காட்டிக் கொடுத்தது. பயந்துபோய் எல்லாவற்றையும் பிரிக்க ஆரம்பித்தான்.

1994 ஆகஸ்ட் மாதம் ஒரு நள்ளிரவில், வேறு ஏதோ சந்தேகத்தில் போலீஸ் அவன் காரைச் சோதித்தபோது குட்டு உடைந்தது. 1995 ஜூனில் பாதுகாப்பு உடை அணிந்த அரசு ஊழியர்கள் வந்து, கொட்டகையைப் பிரித்து, 39 பீப்பாய்களில் அடைத்து, யூட்டா மாநிலத்தில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். செலவு சுமார் 60,000 டாலர்! இதில் கொடுமை என்னவென்றால், வீடு பறிபோய்விடுமோ என்று பயந்த அம்மா, அதற்கு முன்பே நிறையப் பொருட்களைச் சாதாரணக் குப்பையோடு போட்டுவிட்டார்.

உள்ளே போனால்தான் வில்லன்!

அமெரிசியம், ரேடியம், தோரியம் மூன்றுமே 'ஆல்ஃபா' துகள்களை வெளியிடும். ஒரு காகிதம்கூட அதைத் தடுத்துவிடும், தோலைத் தாண்டாது. 'அப்புறம் என்ன பயம்?' என்கிறீர்களா? தூளாகி மூச்சிலோ, சாப்பாட்டிலோ கலந்து உள்ளே போய்விட்டால் கதையே வேறு. ரேடியத்தை உடம்பு கால்சியம் என்றே நினைத்து எலும்பில் சேர்த்துக்கொள்ளும். 1920-களில் அமெரிக்காவில் கடிகாரங்களுக்கு ரேடியம் பூசிய பெண்கள், தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். தாடை எலும்பு அரித்துப்போய்ப் பலர் இறந்தார்கள்.

இன்னொரு பையன்

அதே ஆர்வம் டெய்லர் வில்சனுக்கும் இருந்தது. அர்க்கன்சா மாநிலத்தில் பிறந்தவன். ஆனால், இவனை வீட்டார் தனியே விடவில்லை. நெவாடாவில் ரீனோ நகரில் இவனுக்கேற்ற பள்ளியில் சேர்த்தார்கள். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர்கள் இடம் கொடுத்து, கூடவே நின்றார்கள். 2008-ல், 14 வயதில், அணுக்களை இணைக்கும் 'ஃபியூசர்' கருவியை இயக்கிக் காட்டினான்! இது மின்சாரம் தரும் உலை இல்லை. தருவதைவிட வாங்குவதுதான் அதிகம். ஆனாலும் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடும் கருவி. தொட்டால் அவ்வளவுதான்! அதனால்தான் பக்கத்தில் விவரம் தெரிந்தவர் வேண்டும்.

டேவிட் என்ன ஆனார்? கடற்படையில் சேர்ந்தார். 2007-ல் புகைக் கருவிகளைத் திருடியதாகக் கைதானார். 2016-ல், 39 வயதில், மதுவும் போதைப்பொருளும் சேர்ந்து உயிரைப் பறித்தன. இரண்டு பையன்களுக்கும் அறிவு இருந்தது. துணை ஒருவனுக்குத்தான் கிடைத்தது.

பெற்றோர் கவனத்துக்கு...

* பெட்ரோமாக்ஸ் மேன்ட்டில்கள் பலவற்றில் தோரியம் உண்டு. எரிந்துபோன மேன்ட்டில் சாம்பலை வாயால் ஊதாதீர்கள். மாற்றியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

* புகைக் கருவி, பழைய ஒளிரும் கடிகாரம் இவற்றைப் பிள்ளைகள் உடைக்க விடாதீர்கள். மாட்டியிருக்கும்வரை ஆபத்தில்லை. வண்டியில் ஒட்டும் 'ரேடியம் ஸ்டிக்கர்' பெயரில்தான் ரேடியம், பயம் வேண்டாம்!

* மூன்று இதழ் விசிறி போன்ற கதிர்வீச்சு அடையாளம் உள்ள எந்தப் பழைய சாமானையும் தொடாதீர்கள். 2010-ல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புக் கடைக்கு வந்துசேர்ந்த கோபால்ட்-60 ஓர் உயிரைக் குடித்தது.

* பிள்ளை அணு, ரசாயனம் என்று பேசினால், "போய்ப் பாடத்தைப் படிடா" என்று அதட்டாதீர்கள். அதட்டினால் ஆர்வம் போகாது; கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் அழைத்துப் போங்கள். கல்லூரி ஆய்வகத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

உங்களுக்கு அறிவியல் தெரியாவிட்டால் பரவாயில்லை. "இன்னிக்கு என்னடா பண்ணினே? எனக்கும் காட்டு!" என்று தினமும் பக்கத்தில் போய் உட்காருங்கள், போதும்!