கியர் விழாத டிராக்டருக்குக் கிளட்ச் சோதனை

சேற்றுழவு மும்முரமாக நடக்கும் நாட்களில் டிராக்டர் பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் புகார், "கியர் பாக்ஸ் போய்விட்டது" என்பதாகும். கியர் போடும்போது 'கர்' என்ற ஓசை வந்தாலும், ஏற்றத்தில் வண்டி இழுக்காவிட்டாலும் பழி கியர் பாக்சின் மேல்தான் விழுகிறது. உடனே டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். செலவு ஒருபுறம் இருக்க, வண்டி நாலைந்து நாள் நின்றால் நாற்று முற்றிவிடும். ஆனால் இக்கோளாறுகளில் பல கிளட்சைச் சேர்ந்தவை. சிலவற்றுக்கு இரண்டு ஸ்பானர்களே போதும். எனவே பிரிப்பதற்கு முன் உழவர்கள் தாங்களே சில சோதனைகளைச் செய்து பார்த்துவிட வேண்டும்.

முதலில் என்ஜினை நிறுத்திவிட்டு, கிளட்ச் பெடலை முழுவதும் மிதித்து, ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்க வேண்டும். பல்லோடு பல் முட்டி நின்றால் வண்டியைச் சிறிது முன்னும் பின்னும் தள்ளிவிட்டு மறுபடி போடலாம். என்ஜின் நிற்கும்போது எளிதாக விழும் கியர், ஓடும்போது மட்டும் உராய்ந்தால் கியர் பாக்ஸ் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்று கொள்ளலாம். கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்பதே காரணம். என்ஜின் நிற்கும்போதும் கியர் இறுக்கமாக இருந்தால்தான் கியர் லீவர், போர்க் முதலியவற்றைப் பார்க்க வேண்டும்.

இழுவை குறைந்த வண்டிக்கு வேறு சோதனை. சமதரையில், முன்னால் யாரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டு, கைபிரேக்கை நன்றாகப் போட்டு, உயர்ந்த கியரில் பெடலை மெதுவாக விட வேண்டும். கிளட்ச் நல்ல நிலையில் இருந்தால் என்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது என்று பொருள். கருகிய வாடையும் வரும். இந்தச் சோதனையை ஒருமுறைக்கு மேல் செய்வது பிளேட்டுக்கு நல்லதல்ல.

அடுத்து பெடலின் 'பிரீ பிளே'யை அளக்க வேண்டும். பெடலைக் கையால் அழுத்தினால் முதலில் சிறிது தூரம் எதிர்ப்பில்லாமல் இறங்கும். அந்தத் தூரமே பிரீ பிளே. பல டிராக்டர்களில் இது 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கும். சரியான அளவு வண்டியுடன் வந்த கையேட்டில் உண்டு. பிரீ பிளே அறவே இல்லாவிட்டால் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் பிங்கர்களை அழுத்திக்கொண்டிருக்கும். பிளேட் வழுக்கித் தேயும். அளவு மிஞ்சினால் பெடலை அடிவரை மிதித்தாலும் கிளட்ச் விடுபடாது; கியர் உராயும். பெடலோடு சேர்ந்த கம்பியிலுள்ள லாக் நட்டைத் தளர்த்தி, அளவைச் சரிசெய்து, மீண்டும் இறுக்கினால் போதும். பிளேட் தேயத் தேய பிரீ பிளே தானாகக் குறைந்துகொண்டே வருமாதலால் அவ்வப்போது அளந்து பார்ப்பது அவசியம்.

நஞ்சை நிலத்தில் ஓடும் டிராக்டர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு சிறு துவாரம் இருக்கும். சேற்றில் இறக்கும்போது அதற்குரிய அடைப்பானைப் போட வேண்டும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். பலர் முதலாவதைச் செய்து இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். அப்போது உள்ளே புகுந்த நீர் தங்கி, பிளேட் துருவேறி பிளைவீலோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்தத் துவாரத்தின் வழியாக எண்ணெய் சொட்டினால் அதன் நிறத்தைக் கவனிக்க வேண்டும். கறுத்து நீர்த்திருந்தால் என்ஜின் ஆயில். என்ஜினின் பின்புற ஆயில் சீல் கெட்டிருக்கிறது. கறுக்காமல் கெட்டியாக இருந்தால் கியர் ஆயில். கியர் பாக்சின் முன் தண்டு சீலைச் சந்தேகிக்க வேண்டும். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. புதிய பிளேட்டும் எண்ணெயில் நனைந்து மறுபடி வழுக்கும்.

இவற்றுக்கெல்லாம் பிறகும் கோளாறு நீங்காவிட்டால் டிராக்டரைப் பிரித்தே ஆக வேண்டும். இது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை. ஆயினும் உழவர் அருகில் இருந்து சிலவற்றைக் கவனிப்பது நல்லது. முன் அச்சு இருபுறமும் சாயக்கூடியதாகையால் பிரிப்பதற்கு முன் அதன் இரு பக்கமும் கட்டை ஆப்பு வைக்க வேண்டும். இரண்டு பாதிகளுக்கும் உறுதியான தாங்கிகள் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகுவது உயிருக்கே ஆபத்து. பிளைவீல் முகத்தில் ஆழ்ந்த கீறலோ, சூட்டினால் நீலம் பாய்ந்த வெடிப்போ இருந்தால் கடைசலுக்கு அனுப்ப வேண்டும். ரிலீஸ் பேரிங்கைக் கையால் சுற்றும்போது கரகரத்தால் அதையும் கூடவே மாற்றிவிடுவது மேல். அதன் விலைக்காக மீண்டும் ஒருமுறை வண்டியைப் பிரிப்பது யாருக்கும் கட்டாது. புதிய பிளேட்டின் முகத்தைக் கிரீஸ் கையால் தொடக்கூடாது. பிங்கர்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று அளந்த பிறகே பூட்ட வேண்டும்.

ஓட்டும்போது பெடலின் மேல் காலை வைத்துக்கொண்டே இருக்கும் பழக்கம் பிளேட்டின் ஆயுளைப் பாதியிலேயே முடித்துவிடும். வாடகைக்கு ஓட்டுநர் வைத்திருப்போர் இதைக் கண்டித்துச் சொல்ல வேண்டும். அறுவடைக்குப் பின் டிராக்டரைப் பல வாரங்கள் நிறுத்தி வைப்பதானால், பெடலை மிதித்த நிலையில் அதற்குரிய கொக்கியை மாட்டிவைக்கலாம். கொக்கி இல்லாத வண்டிகளில் மரக்கட்டையால் முட்டுக்கொடுத்தால் பிளேட் ஒட்டாமல் இருக்கும்.