உங்களுக்குத் தெரியுமா? சி மொழியின் டோக்கன்கள்

சி மொழி நிரலைக் கம்பைலர் முதலில் டோக்கன் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. பொருள் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இன்ட், ரிட்டர்ன் போன்ற சிறப்புச் சொற்கள் 1989ஆம் ஆண்டுத் தரநிலையில் 32 இருந்தன. 1999இல் அவை 37 ஆயின. நிரலர் சூட்டும் குறிப்பெயர்கள் இவற்றோடு மோதக் கூடாது, எண்ணிலும் தொடங்கக் கூடாது. இரட்டை மேற்கோள் குறிக்குள் வருபவை சரங்கள்.

எண் மாறிலிகளில் ஒரு வில்லங்கம் உண்டு. முழு எண்ணின் முன்னால் 0 போட்டால் அது எட்டடிமான எண்ணாகிவிடும். 010 என்பது பத்து அல்ல, எட்டு. எண்களை அழகாக ஒரே நீளத்தில் அடுக்க முனைபவர்கள் இதில் மாட்டிக்கொள்வதுண்டு.

செயற்குறிகளைப் பிரிப்பதில் கம்பைலருக்குக் கொஞ்சம் பேராசை: எப்போதும் சாத்தியமான மிக நீளமான டோக்கனையே எடுக்கும். அ, ஆ என இரு மாறிகள் இருப்பதாகக் கொண்டால், அ+++++ஆ என்பது அ, ++, ++, +, ஆ என்றே பிரிந்து பிழையில் முடியும். அ++ + ++ஆ என்று இடைவெளி விட்டு எழுதினால் சரியாக ஓடும். இடைவெளி தானே ஒரு டோக்கன் அல்ல. எல்லை காட்டுவதோடு அதன் வேலை முடிகிறது. குறிப்புரையும் அப்படித்தான், ஒற்றை இடைவெளியாகவே கணக்கிடப்படும். ஆனால் ஆ ஒரு சுட்டியாக இருந்து, அது காட்டும் மதிப்பால் வகுக்க நினைத்து அ/*ஆ என்று நெருக்கி எழுதினால், /* குறிப்புரையின் தொடக்கமாகிவிடும். அடுத்த */ வரும்வரை உள்ள நிரல் முழுவதும் கம்பைலரின் கண்ணில் படாது.