டென்னிஸ் கணிப்பும் 'நிச்சய வெற்றி' மோசடியும்: பணம் போகும் வழி, புகார் செய்யும் வழி

2019 விம்பிள்டன் ஆடவர் இறுதிப் போட்டியில் ரோஜர் ஃபெடரர் எடுத்த புள்ளிகள் 218. நோவாக் ஜோகோவிச் எடுத்தவை 204. ஏஸ், வின்னர், எதிராளியின் சர்வை முறியடித்த எண்ணிக்கை என எதை எடுத்தாலும் ஃபெடரரே முன்னால் நின்றார். ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்ற நிலையில், தன் சொந்த சர்விலேயே, கோப்பைக்கு ஒரு புள்ளிதான் பாக்கி என்று இரண்டு வாய்ப்புகள் அவருக்குக் கிடைத்தன. நான்கு மணி 57 நிமிட ஆட்டத்தின் முடிவில் கோப்பையைத் தூக்கியவர் ஜோகோவிச். அந்த ஆட்டத்தில் வந்த மூன்று டை-பிரேக்குகளையும் அவர் வென்றிருந்தார்.

டென்னிஸ் முடிவைக் கணிக்க முயல்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய ஸ்கோர் இது. இந்த விளையாட்டில் மொத்தப் புள்ளிகளைக் கூட்டி வெற்றி தருவதில்லை. எந்தப் புள்ளியை எப்போது எடுத்தார் என்பதுதான் கணக்கு. 2024இல் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசிய ஃபெடரர், தான் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதத்தை வென்றதாகவும், ஆனால் புள்ளிகளில் 54 சதவீதத்தைத்தான் வென்றதாகவும் சொன்னார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரும் ஏறக்குறைய இரண்டில் ஒரு புள்ளியை இழந்துகொண்டேதான் இருந்திருக்கிறார்.

கணிப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆய்வு ரசனைக்குரிய வேலை. களிமண் தரையா, புல் தரையா, கடினத் தரையா. முதல் சர்வ் எத்தனை சதவீதம் உள்ளே விழுகிறது. இரண்டாவது சர்வில் எத்தனை புள்ளி தேறுகிறது. முந்தைய சுற்றில் எத்தனை மணி நேரம் ஓடினார். தோளில் கட்டு இருக்கிறதா. இவற்றையெல்லாம் பார்த்துக் கணக்குப் போடலாம். தன் சர்வில் நூற்றுக்கு 60 புள்ளிகள் வெல்பவர், அந்த சர்வ் கேமை நூற்றுக்குச் சுமார் 74 முறை காப்பாற்றுவார் என்பது சாதாரண நிகழ்தகவுக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கும் விழுக்காட்டில்தான் போய் நிற்கும். நேர்மையான ஆய்வாளர் 'இவருக்கு 70 சதவீத வாய்ப்பு' என்பார். அப்படியென்றால் பத்து முறைக்கு மூன்று முறை அவர் சொன்னது நடக்காது என்றும் அதிலேயே ஒப்புக்கொள்கிறார்.

2009 மே மாதத்தில் ரஃபேல் நடாலை பிரெஞ்ச் ஓப்பனில் அதுவரை யாரும் வீழ்த்தியதே இல்லை. ஆடிய 31 ஆட்டங்களிலும் வெற்றி. நான்காம் சுற்றில் எதிரே வந்த ராபின் சோடர்லிங்கை அதற்குச் சில வாரங்கள் முன்புதான் ரோமில் 6-1, 6-0 என்று விரட்டியிருந்தார். பாரிஸில் சோடர்லிங் நான்கு செட்டில் ஜெயித்தார். அன்று நடால்தான் வெல்வார் என்று கணித்தவர்கள் முட்டாள்கள் இல்லை. தரவுகள் அப்படித்தான் சொல்லின. விளையாட்டு வேறு மாதிரி முடிந்தது.

அதனால்தான் டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் 'ஷ்யூர் ஷாட்', '100% கேரண்டி', 'ஃபிக்ஸ்டு மேட்ச்' என்று டிப்ஸ் விற்பவர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு டென்னிஸ் மிகவும் பிடித்த சரக்கு. ஏதாவது ஒரு நாட்டில் ஏதாவது ஒரு போட்டி ஏறக்குறைய தினமும் நடக்கிறது. டிரா என்பது கிடையாது. இவர் அல்லது அவர். ஏமாற்றுக்கு இது எப்படி வசதியாகிறது என்று பாருங்கள்.

ஒருவர் 1,024 பேருக்குச் செய்தி அனுப்புகிறார். பாதிப் பேருக்கு 'இன்று முதல் ஆட்டக்காரர் ஜெயிப்பார்', மீதிப் பாதிக்கு 'இரண்டாமவர் ஜெயிப்பார்'. ஆட்டம் முடிந்ததும் தவறான செய்தி போன 512 பேரை விட்டுவிடுகிறார். சரியான செய்தி பெற்ற 512 பேரை மறுநாள் மீண்டும் இரண்டாகப் பிரிக்கிறார். இப்படி ஐந்து ஆட்டங்கள் முடிந்தால், தொடர்ந்து ஐந்து முறை சரியான கணிப்பைக் கண்ணால் பார்த்த 32 பேர் மிஞ்சுவார்கள். அவருக்கு டென்னிஸில் ஒரு எழுத்துகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அந்த 32 பேரிடம்தான் 'இனி பிரீமியம் குரூப், இவ்வளவு ரூபாய்' என்று கேட்பார். உங்களுக்கு வந்த ஐந்து சரியான டிப்ஸை மட்டும்தான் நீங்கள் பார்த்தீர்கள். மற்ற 992 பேருக்கு எங்கோ ஓரிடத்தில் தவறான டிப்ஸ் போனது உங்கள் கண்ணில் படவே படாது.

அடுத்தது பந்தயத் தளங்களின் கணக்கு. சம பலமுள்ள இருவர் மோதும்போது இருவருக்கும் 1.90 என்று ஆட்ஸ் போட்டிருப்பார்கள். நூறு ரூபாய் கட்டி ஜெயித்தால் 190 கையில் வரும். இருவர் மீதும் தலா நூறு, மொத்தம் 200 ரூபாய் வசூலித்து, 190 மட்டும் திருப்பித் தருகிறது தளம். யார் ஜெயித்தாலும் பத்து ரூபாய் அதற்கு. இதைத் தாண்டி லாபம் பார்க்க, நீங்கள் நூற்றுக்கு 53 முறையாவது, அதுவும் இடைவிடாமல், சரியாகச் சொல்ல வேண்டும். ஆட்டம் நடக்கும்போதே கட்டும் பந்தயம் இன்னும் மோசம். நடுவரின் கையிலுள்ள கருவியிலிருந்து ஸ்கோர் உடனடியாகத் தரவு நிறுவனங்களுக்குப் போகிறது. உங்கள் கைபேசியில் வரும் நேரலை சில நொடிகள் பின்தங்கித்தான் வரும். நீங்கள் சர்வைப் பார்க்கும்போது அந்தப் புள்ளி அங்கே முடிந்திருக்கும்.

'உள்ளிருந்து வந்த தகவல், ஃபிக்ஸ் செய்த ஆட்டம்' என்பவர்களுக்கும் பதில் உண்டு. டென்னிஸில் ஃபிக்சிங் நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. பரிசுத்தொகை குறைந்த சிறு போட்டிகளில் நடந்திருக்கிறது. 180க்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைத் தொட்ட ஒரு வலையமைப்பின் தலைவருக்கு 2023இல் பெல்ஜிய நீதிமன்றம் ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. அந்தக் கும்பல் கூலிக்கு ஆள் வைத்து, பல கணக்குகளில் சிறுசிறு தொகையாக, ரகசியமாகப் பந்தயம் கட்டித்தான் சம்பாதித்தது. உண்மையிலேயே அப்படியொரு தகவல் கையில் இருப்பவர் முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு அதை இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்க மாட்டார்.

நம் ஊரில் அதிகம் கேள்விப்படும் கதை வேறொன்று. பந்தயத் தளத்தில் நுழைய ஒரு 'ஐடி' கொடுப்பார்கள். முதலில் ஐந்நூறு கட்டினால் ஆயிரம் வரும், அதை எடுக்கவும் விடுவார்கள். பிறகு பெரிய தொகை போட்டதும் திரையில் லட்சக்கணக்கில் இருப்பு காட்டும். எடுக்கப் போனால் 'ஜிஎஸ்டி கட்டு', 'டிடிஎஸ் கட்டு', 'கணக்கைச் சரிபார்க்க டெபாசிட் கட்டு' என்று புதுப்புதுக் காரணம் வரும். எந்த வரியையும் தனி ஆளின் யுபிஐ கணக்குக்கு அனுப்பும் வழக்கம் இந்த நாட்டில் இல்லை. அந்த வார்த்தையைக் கேட்ட நொடியிலேயே நிறுத்துங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தில், இணையத்தில் பந்தயம் கட்டுவதே சூதாட்டம்தான். நடத்துபவருக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது பத்து லட்சம் வரை அபராதம், விளம்பரம் செய்பவருக்கு ஓராண்டு அல்லது ஐந்து லட்சம் வரை. இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம். விளையாடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் என்ற பிரிவு இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ரம்மிக்கும் போக்கருக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தது. ஆட்டத்தின் மீது பந்தயம் கட்டுவதற்கு இல்லை. 'இது அதிர்ஷ்டம் இல்லை, திறமை' என்ற வாதத்துக்கு, நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும் இடம் தரவில்லை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும், அதை நடத்துவதும் விளம்பரம் செய்வதும் பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்வதும் அதில் குற்றம்.

பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயித்த பணத்தைக் கேட்டு நீங்கள் வழக்குப் போட முடியாது. 'தோற்றுவிட்டாய், இரண்டு லட்சம் பாக்கி' என்று வீட்டு வாசலில் வந்து நிற்கும் புக்கியும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. அதனால்தான் மிரட்டுகிறார்கள். அந்த மிரட்டல் தனிக் குற்றம். அதற்குப் பயந்து கடன் செயலியில் பணம் எடுத்துக் கொடுக்காதீர்கள். செல்லாத பாக்கியைத் தீர்க்கப் போய், செல்லுபடியாகும் கடனில் மாட்டிக்கொள்வீர்கள்.

பணம் போய்விட்டது என்றால் நேரம்தான் முக்கியம். அன்றே, முடிந்தால் அந்த மணியிலேயே, 1930 எண்ணை அழையுங்கள். அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். புகார் பதிவானதும் பணம் எந்தெந்தக் கணக்குக்குத் தாவுகிறதோ அந்த வங்கிகளுக்குத் தகவல் போய், மிஞ்சிய தொகையை முடக்க வழி இருக்கிறது. ஒரு நாள் தள்ளினால் அது ஏடிஎம் வழியே வெளியேறிவிடலாம். பரிவர்த்தனையின் யுடிஆர் எண், அனுப்பிய யுபிஐ ஐடி, குரூப்பின் பெயர், பேசிய எண், ஸ்கிரீன்ஷாட்கள் எல்லாம் வேண்டும். வெட்கத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. உங்களுக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால் மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்கும் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கி விதி அங்கே உங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. நீங்களே பின் எண் போட்டு அனுப்பிய பணத்துக்கு அந்த விதி உதவாது. அதற்குப் புகார்தான் வழி.

காவல் நிலையத்தில் 'இது எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் புகார் பதியலாம், முதல் தகவல் அறிக்கையின் நகலும் இலவசம். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். 'நானே பந்தயம் கட்டியிருக்கிறேன், புகார் கொடுத்தால் என்மேலும் வழக்கு வருமோ' என்ற பயம் இருப்பவர்கள் முதலில் 15100இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் ஆலோசனை கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று வருபவர்கள் இரண்டாவது கும்பல். உங்கள் வங்கிக் கணக்கை 'வாடகைக்கு' கேட்பவர்களுக்குக் கொடுத்தால் அடுத்த வழக்கில் குற்றவாளி நீங்கள்தான்.

பந்தயத்தில் தோற்ற கோபத்தில் ஆட்டக்காரர்களின் இன்ஸ்டாகிராமில் போய் அவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் திட்டுவது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. கொலை மிரட்டல் வரை போகிறது. முதல் சுற்றில் தோற்ற இளம் பெண் ஒருத்தி ஊருக்கு விமானம் ஏறும் முன் நூற்றுக்கணக்கில் வசவுகளைப் படிக்க நேர்கிறது. அவள் உங்களிடம் பந்தயம் கட்டச் சொல்லவில்லை. அந்தச் செய்திகள் இந்தியச் சட்டத்திலும் வழக்குக்கு உரியவை.

வீட்டில் ஒரு பிள்ளை இரவு இரண்டு மணிக்கு, பெயரே கேள்விப்படாத இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தால், கடன் கேட்கத் தொடங்கியிருந்தால், அடிக்காமல், அவமானப்படுத்தாமல் கேளுங்கள். மனம் உடைந்திருந்தால் 14416 டெலி மானஸ், 104 ஆகிய உதவி எண்களை அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. பணம் போயிருந்தால் 1930. முதலில் பிள்ளை, பிறகுதான் பணம்.